வெறும் வீட்டின் நாற்பது நிமிடம்

வானொலி நிலையத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தயங்கித் தயங்கி "சார்" என்றால், "பட்டப்பேரையே சொல்லுங்க, சம்பாதிச்ச பேரு அது" என்று அவரே திருத்துவார்.

சம்பாதித்த பேர்தான், சும்மா சொல்லக்கூடாது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் கம்பம் ஏறப் போனார். ஒருநாள் நிலையத்து வாசலில் ஏதோ விழாவுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பெரிய படிப்புப் படித்த எட்டுப் பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக ஒலிபரப்பில் ஒரு இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. இவர் கம்பத்தில் இருந்தபடியே, "மூணாவது ரூம்ல ஒரு ட்யூப்லைட் அழுவுது, அதை மாத்துங்க" என்றார். மாற்றினார்கள். இரைச்சல் போயிற்று. அடுத்த வாரம் கம்பத்திலிருந்து இறங்கி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனவர், பத்தே வருடத்தில் அந்த எட்டுப் பேரையும் ஓரமாக உட்காரவைத்துவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கைதூக்கிவிட ஆள் கிடையாது, சிபாரிசு கிடையாது. இரண்டு காது, அவ்வளவுதான்.

அந்தக் கதையை அவர் வீட்டில் எத்தனையாவது தடவை சொல்கிறார் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "ஊர்ல எந்த ட்யூப்லைட் அழுதாலும் கேக்குது. பால் பொங்குது அடுப்பை அணைங்கன்னு நான் கத்தறது மட்டும் கேக்க மாட்டேங்குது" என்பாள்.

நள்ளிரவு பன்னிரண்டு முதல் ஒன்று வரை நாட்டுப்பாடல் நிகழ்ச்சி. காவல் காப்பவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள், ரொட்டி சுடுபவர்கள், மருத்துவமனையில் ராத்திரி முறை பார்ப்பவர்கள், தூக்கம் வராதவர்கள், இவர்களெல்லாம் கேட்பார்கள். பாட வருகிறவர்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். யாரிடமோ கேட்ட தாலாட்டு, கல் உடைப்பவர்கள் பாட்டு, படகுக்காரர் பாட்டு என்று கொண்டுவந்து, இரண்டு வரி தாங்களாகச் சேர்த்து, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுவார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சு வைத்து அடைத்த அறையில் பதிவு செய்தால், எதிரொலியும் இல்லாமல் காற்றும் இல்லாமல், மழமழவென்று சவரம் செய்த முகம் மாதிரி வந்து நின்றது. நேயர்கள் கடிதத்தில் காய்ச்சினார்கள். "இது ஊர்ப் பாட்டில்லை, ஏசி ரூம் பாட்டு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நிகழ்ச்சியை நிறுத்திவிடலாமா என்று மேலாளர் கேட்கும் அளவுக்குப் போயிற்று.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அவருக்குப் பழக்கமான பூட்டுக்கடைக்காரர் ஒருவருக்கு நகரத்தின் ஓரத்தில், கால்வாய்க் கரையில், மூன்று அறை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. சாவியை வாங்கிக்கொண்டு போய், ஜன்னல்களைத் திறந்துவைத்து, நடு அறையில் ரெக்கார்டரை ஓடவிட்டு, வெளியே வந்து பூட்டிக்கொண்டு, கரையில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். சில்வண்டு, கால்வாய்த் தண்ணீர், தூரத்தில் ஒரு பம்பு, காற்றில் லேசாக ஆடும் ஒரு கதவு. திரும்பி வந்து கேட்டார். காது குளிர்ந்தது. அந்த நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, அடுத்த நாள் பாட்டுக்கு அடியில் மெல்லப் பரப்பினார். பாட்டுக்குச் சட்டென்று உயிர் வந்துவிட்டது. பாடுகிற பெண்ணைச் சுற்றி ஒரு வீடு முளைத்தது, வீட்டைச் சுற்றி இருட்டு முளைத்தது.

"இது எங்க பதிஞ்சது சார்?" என்று அறிவிப்பாளர் கேட்டாள். பாடிய பெண்ணின் அப்பா ஊர் எதுவோ, அதை வாயில் வந்தபடி சொல்லிவிட்டார். அவள் அதை நம்பி, தேன் குரலில், "அந்த ஊருக்கே போய், அந்த வீட்டிலேயே பதிவு செய்த பாடல்" என்று ஒலிபரப்பில் சொன்னாள். கடிதங்கள் வந்து குவிந்தன. இதுவல்லவா அசல் என்றார்கள். மேலாளர் எல்லோருக்கும் முன்னால் கைகொடுத்தார். அடுத்த பாட்டுக்கு இன்னொரு ஊர். அதற்கடுத்து இன்னொன்று. மூன்று வருடம் இப்படியே ஓடியது. பாட்டு வேறு, ஊர் வேறு, அடியில் இருந்தது அந்த ஒரே வெறும் வீடு. ஒரே துண்டை அடுத்தடுத்த இரண்டு பாட்டுக்குப் போட்டதில்லை என்பது அவருக்குத் தொழில் பெருமை. பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தனக்குப் பிடித்த சத்தம் எதுவோ அதுதான் அசல் என்று முடிவு கட்டியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, தையல் அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஒரு கடிதம் வந்தது. பின்பக்கம் யாருடைய தோள் அளவோ, கை நீளமோ இருந்தது. எழுதியவள் ஒரு தையல்காரம்மா. ராத்திரி தைக்கும்போது நிகழ்ச்சி கேட்பவளாம். கடந்த ஆறு மாதத்தில் வந்த ஒன்பது பாட்டுகளைத் தேதி போட்டு, ஊர் போட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து வரிசையாக எழுதியிருந்தாள். ஒன்பதிலும் பாடுபவருக்குப் பின்னால் ஒரு ஆண் வாய்க்குள்ளேயே பாடுகிறான் என்றும், அது வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆன தன் தம்பி என்றும் எழுதியிருந்தாள்.

"முதல் பாட்டில் அவன் வாசலுக்கு வெளியே தூரத்தில் நிற்கிறான். ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் கிட்டே வருகிறான். ஒன்பதாவதில் பாடுகிறவருக்குப் பின்னாலேயே நிற்கிறான். உங்கள் ஆட்கள் போகும் ஊருக்கெல்லாம் அவனும் எதற்கோ வருகிறான் போலிருக்கிறது. இதுவரை நாலு ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டேன். பார்த்ததில்லை என்கிறார்கள். ஐந்தாவது ஊருக்கு வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். நீங்கள் பதிவு செய்த வீட்டுக்கு அடையாளம் சொன்னால் புண்ணியமாக இருக்கும்."

படித்ததும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தக் காதுக்குத் தப்பி ஒருவன் பாடிவிட முடியுமா? தூக்கம் கெட்டால் மனுஷிக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று அறிவிப்பாளரிடம் கடிதத்தை நீட்டினார். அவள் சிரிக்கவில்லை. "எதுக்கும் ஒரு தடவை கேட்டுடுங்க சார்" என்றாள்.

சாயங்காலம் அறையைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, ஒன்பதாவது பாட்டைப் போட்டார். அவள் குறித்திருந்த இடம் வந்தது. பாடுகிற பையன் மூச்சு வாங்க நிறுத்தினான். சில்வண்டு. தண்ணீர். அதற்கு நடுவில், மூடிய உதட்டுக்குள் ஒரு ஆண் குரல் இரண்டு வரி மேலே ஏறியது. மூன்றாவது வரி தொடங்குகிற இடத்தில் அறுந்து நின்றது. பிறகு சின்னதாக ஒரு 'டக்'.

எட்டாவதைப் போட்டார், இருந்தது, கொஞ்சம் தள்ளி. ஏழாவது இன்னும் தள்ளி. முதலாவதில் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல. எல்லாம் வேறு வேறு துண்டு, அவர் கையாலேயே வெட்டியவை. கடைசியில் மூலப் பதிவையே போட்டார். நூறு தடவைக்கு மேல் அவர் கேட்ட நாற்பது நிமிடம். எந்த நொடியில் கதவு கிரீச்சிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது அதில் மூன்றாவது நிமிடத்திலிருந்தே அவன் பாடிக்கொண்டிருந்தான். பாடுவான், நிற்பான், டக். ரெக்கார்டரைச் சுற்றி யாரோ வேலை செய்துகொண்டே நடப்பதுபோல. முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் மைக்குக்கு அவ்வளவு கிட்டே வந்துவிட்டான், மூச்சுக்காற்று காதில் பட்டது. அவர் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். அறையில் ஏசி ஓடும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை என்று நிச்சயமாகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை; நாற்காலியோடு நகர்ந்தே கதவு வரைக்கும் போனார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லாவிட்டால் அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். அந்த ஊரில் அப்படி ஒரு வீடே கிடையாது. சொன்னால், மூன்று வருடத்துப் பேர் போச்சு, நிகழ்ச்சி போச்சு. அதைவிட, பூட்டிய வீட்டில் பாடிக்கொண்டிருந்த ஆளைப் பாம்புச்செவி தவறவிட்டது என்று ஊர் பேசும். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மனைவி விடாமல் குடைந்தாள். சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"காது தப்பு பண்ணிச்சுன்னு சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்பல. அதுக்காக அந்தப் பொம்பளை பஸ் பஸ்ஸா ஏறி இறங்கணுமா?"

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அது வியாழக்கிழமை. அதற்குள் நிலையத்திலிருந்து ஆள் வந்து, அந்த அம்மாளே வந்து காத்திருப்பதாகச் சொன்னார்.

வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வலது கை விரல்நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. பக்கத்தில் ஊருக்குப் போகும் பை, கட்டித் தயாராக. பதில் வரவில்லை, அதனால் ஒருநாள் முன்னதாகவே கிளம்பி, நேரிலேயே அடையாளம் கேட்டுக்கொண்டு அப்படியே பஸ் நிலையத்துக்குப் போகலாமென்று வந்தாளாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாட்டு ஏன் நடுவில் அறுந்துபோகிறது என்று மட்டும் கேட்டார். உடனே அவள் முகம் மலர்ந்தது. வேறு யாருக்கும் கேட்காத ஒன்று இவருக்கும் கேட்டிருக்கிறது என்ற சந்தோஷம்.

"அவன் கண்ணாடி வெட்டற வேலைங்கய்யா. கீறல் போடறப்ப பாடுவான். உடைக்கற நேரம் மூச்சைப் பிடிச்சுக்குவான், பாட்டு நின்னுடும். அப்புறம் டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்ப முதல்லேர்ந்து."

பிறகு அவள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே மற்றதையும் சொன்னாள். ஒரே அறையில் அவள் தைப்பாள், அவன் வெட்டுவான். ஒருநாள் அவசர வேலை, நூல் அறுந்து அறுந்து போயிற்று, எரிச்சலில் வாய் விட்டுவிட்டாள். இதெல்லாம் ஒரு பாட்டா, அங்கே இங்கே கேட்டதைக் கலந்து முனகுகிறாய், உனக்கென்று சொந்தமாய் ஒரு ராகம் உண்டா என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவன் வாய் திறந்து பாடவே இல்லை. மூன்று மாதம் கழித்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனவன்தான்.

"அன்னிக்கு எனக்கு அது பிடிக்கல. இப்ப உங்க ரேடியோவுல எந்தப் பாட்டு ஓடினாலும் அது பின்னாடி வருதான்னுதான் கேக்கறேன். பாட்டையே கேக்கறதில்ல."

அதற்கு மேல் அவரால் மூடிவைக்க முடியவில்லை. ஊரும் இல்லை, ஒன்பது வீடும் இல்லை, ஒரே ஒரு வெறும் வீடு, அதன் சத்தத்தை எல்லாப் பாட்டுக்கும் பூசியது நான்தான் என்று சொன்னார். அதிலும் பதிந்தபோது அவன் குரல் இல்லை, சத்தியமாக இல்லை, பிறகு எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அவள் பையின் வாரை முறுக்குவதை நிறுத்தினாள்.

"நாலு ஊர்லயும் வீடு வீடா கதவைத் தட்டினேன்யா. ஒரு ஊர்ல நாய் விரட்டிச்சு."

திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரி. அந்த வீட்டைக் காட்டுங்க."

சாவி வாங்கப் போன இடத்தில் பூட்டுக்கடைக்காரரிடம், அந்த வீட்டில் எப்போதாவது கண்ணாடி வெட்டுகிறவர் யாராவது குடியிருந்தாரா என்று கேட்டாள். இருந்தான் ஒருத்தன் என்றார் அவர். தனி ஆள். வாயைத் திறக்க மாட்டான். இரண்டு மழைக்காலம் இருந்தான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல், சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். பெட்டி படுக்கை எல்லாம் அப்படியே இருந்ததாம். எங்கே போனானோ, கால்வாயில்தான் போனானோ என்று சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே சாவியை நீட்டினார்.

பகல் மூன்று மணி. வீட்டுக்குள் தரை ஜில்லென்று இருந்தது. மூன்று அறையிலும் அவள் நடந்தாள். ஆள் இருந்த அடையாளம் எதுவும் இல்லை. ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றாள். கண்ணாடியின் மூலையை அரிசி அளவுக்கு மொட்டையாக்கி மரச்சட்டத்தில் பொருத்தியிருந்தது. அப்படிச் செய்தால் வெயிலில் விரிசல் விடாது என்று அவள் தம்பிதான் சொல்வானாம். வேறு எந்தக் கடையிலும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. எல்லா ஜன்னலிலும் எல்லாக் கண்ணாடியிலும் மூலை மொட்டையாக இருந்தது.

நடு அறைத் தரையில் உட்கார்ந்தாள். பதிவைப் போடச் சொன்னாள். அவர் சின்ன ஸ்பீக்கரை வைத்துப் போட்டார். மூன்றாவது நிமிடம் வந்தது. சில்வண்டு. ஐந்தாவது, பத்தாவது. பம்பு, தண்ணீர், கதவு. அவர் ஒலியைக் கூட்டினார். குனிந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். நாற்பது நிமிடம் முழுவதும் ஓடி முடிந்தது. முதல் நாள் அவர் கேட்டுக் குளிர்ந்த அதே வெறும் வீடு. ஒரு மூச்சு இல்லை, ஒரு 'டக்' இல்லை. திங்கட்கிழமை இருந்ததும்மா, என் பிள்ளைகள்மேல் ஆணை என்று அவர் குழறினார்.

அவள் கலங்கவே இல்லை. புடவை முந்தானையால் தரையில் தனக்கு முன்னால் கொஞ்சம் இடத்தைத் துடைத்தாள்.

"நான்தான் வந்து சேர்ந்துட்டேனே. இனிமே எதுக்குங்கய்யா கூப்பிடணும்?"

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் அறிவிப்பாளரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார். வாழ்க்கையில் மைக்குக்கு முன்பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எழுதிவைத்துப் படிக்கிற பழக்கம் இல்லாததால் மனதில் வந்ததைச் சொன்னார். "மூணு வருஷமா நீங்க கேட்ட ஊர்ச் சத்தம் எல்லாம் பொய். ஒரே வீடு. எனக்குப் பிடிச்ச சத்தத்தை எடுத்து அசல்னு உங்களுக்குக் கொடுத்துட்டேன். பாடினவங்க மேல தப்பு இல்ல. அறிவிப்பாளர் பொண்ணு மேல தப்பு இல்ல. இனிமே பாட்டை மட்டும் கேளுங்க." பிறகு ஒரு தாலாட்டை, அடியில் எதுவும் பரப்பாமல், மொட்டையாக ஓடவிட்டார். மேலாளர் மறுநாள் குதித்தார். பகல் நேர விளம்பரப் பிரிவுக்கு அவரை மாற்றினார். பற்பொடிக்கும் பினாயிலுக்கும் அந்தக் காது போயிற்று.

கடிதங்கள் வந்தன. ஏமாற்றியதற்குத் திட்டியவர்கள் மூன்றே பேர். மற்ற அத்தனை பேரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: அந்த வீட்டுச் சத்தத்தைத் திரும்பப் போடுங்கள், அது இல்லாமல் பாட்டு பொய்யாகக் கேட்கிறது. அறிவிப்பாளர் கடிதக் கட்டைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். அவர் ஒன்றைக்கூட இரண்டாம் தடவை படிக்கவில்லை. பதிவைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். ரெக்கார்டரிலிருந்து மூலப் பதிவு இருந்த மெமரி கார்டை மட்டும் தனியே எடுத்து ஒரு உறையில் போட்டு, அது சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிடலாம் என்று கால்வாய்க் கரைக்குப் போனார்.

தையல்காரம்மா அந்த வீட்டுக்கே குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாசல் பெருக்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன. கதவைப் பாதி திறந்துகொண்டு நின்று பேசினாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. கண்ணில் தூக்கம் தெளிந்திருந்தது. நன்றாக இருக்கிறீர்களா என்றார். இருக்கிறேன் என்றாள். உறையை நீட்டினார்.

"அதை நீங்களே வெச்சுக்குங்க. இங்க எதுக்கு அது."

தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்க வாயெடுத்தவர், என்னவோ கேட்காமல் விட்டார். கால்வாய்த் தண்ணீர் கேட்டது. தூரத்துப் பம்பு கேட்டது. எதிர்க்கரையில் யாரோ துணி உதறுவதுகூடக் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து அவருக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அவள் மட்டும் பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, கதவுக்குப் பின்னால் இருட்டாக இருந்த நடு அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டே? நீ பாடு. அவர் இப்ப போயிடுவாரு."

அவர் போய்விட்டார்.